தீயும் திணையும்: காலநிலை, காடு, அளவறிந்த எரிப்பு

காட்டுக்குத் தீ வைப்பது காட்டைக் காக்கும் வழியாகுமா? ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வனத்துறையினரே காட்டுக்குத் தீயிடுகின்றனர் என்னும் செய்தியைப் படிக்கும் கேமரன் மலைத் தமிழருக்கு இவ்வினா எழுவது இயல்பே. திரிங்காப், கம்போங் ராஜா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் காடும் தேயிலையும் காய்கறித் தோட்டமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. பிற நாடுகளில் நல்லது என்று சொல்லப்படும் எரிப்பு இங்கு ஏன் குற்றமாகிறது என்று ஒருவர் கேட்டால், அவருக்குச் சொல்லத்தக்க விடை எது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். தீயை அடக்கி ஆளுவது மனிதன் என்று நாம் நினைக்கிறோம். அவனுக்கு முன்பே காலநிலை அத்தீயின் எல்லையை வகுத்துவிடுகிறது. ஓரிடத்தில் எரிப்பு மருந்தாவதும் மற்றோரிடத்தில் நஞ்சாவதும் அவ்விடத்து மழையைப் பொறுத்தவை. மழைக்கேற்பக் காடு அமைகிறது. காட்டுக்கேற்பத் தீ அமைகிறது. இந்த வரிசையை மறந்து ஒரு நிலத்தின் வழக்கத்தை வேறொரு நிலத்துக்குக் கொண்டு செல்லும்போதுதான் கேடு விளைகிறது. இது சொற்களுக்கும் பொருந்தும். ஆகவே மொழி மன்றம் ஒன்றின் சொற்பொழிவு வரிசையில் இப்பொருள் இடம்பெறுவது பொருத்தமே.

1. நிலமும் பொழுதும்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு மேற்சொன்ன வரிசை புதியதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரம், பூ, விலங்கு, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். முதற்பொருள் அமைந்த பின்னரே கருப்பொருள் தோன்றும். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் காரும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் உரிய பொழுதுகள். மலை என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்தப் பருவத்து மலை என்று கேட்டது நம் மரபு.

பாலைக்கு மட்டும் தனி நிலம் வகுக்கப்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. வெயிலின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பை இழக்குங்கால் பாலை தோன்றுகிறது என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அதாவது, ஒரே மலை ஒரு திங்களில் பசுமையாகவும் மற்றொரு திங்களில் தீப்பற்றும் நிலமாகவும் இருக்கக்கூடும். பண்டைப் புலவர் இன்றைய சூழலியலை அறிந்திருந்தார் என்று இதனால் நாம் வாதிடவில்லை. கோடையும் மழையும் கூர்மையாக மாறி மாறி வரும் நிலத்தில் வாழ்ந்த மக்கள், அந்த மாற்றத்தைத் தம் இலக்கணத்திலும் பதித்து வைத்தனர் என்பதே நாம் சொல்ல விழைவது.

2. மழையின் அளவும் மழையின் பங்கீடும்

தீக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, எரிவதற்குரிய புல்லும் சருகும் சுள்ளியும். மற்றொன்று, அவை உலர்வதற்குரிய காலம். பாலைவனத்தில் உலர்ச்சி உண்டு, எரிபொருள் குறைவு. மழைக்காட்டில் எரிபொருள் மிகுதி, உலர்ச்சி இல்லை. ஆண்டின் ஒரு பகுதியில் நன்றாக மழை பெய்து, மறு பகுதியில் மழையே இல்லாமல் காயும் நிலத்தில்தான் இரண்டும் ஒன்று சேர்கின்றன. ஆகையால் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்னும் கேள்வியைவிட, அம்மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்னும் கேள்வியே தீயைப் பற்றி மிகுதியாக உணர்த்தும்.

நீலகிரியின் வடபுறச் சரிவில் அமைந்த முதுமலை இதற்குச் சிறந்த சான்று. அக்காட்டின் கிழக்கு எல்லையில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கிறது. மேற்கு எல்லையில் ஏறத்தாழ இரு மடங்கு பெய்கிறது. அதற்கேற்பக் கிழக்கே முட்புதர்க் காடும், நடுவே உலர் இலையுதிர் காடும், மேற்கே ஈர இலையுதிர் காடும் அமைந்துள்ளன. சில மணி நேரம் நடந்தாலே ஒருவகைக் காட்டிலிருந்து மற்றொரு வகைக் காட்டுக்குச் சென்றுவிடலாம். மழையின்றிக் காயும் மாதங்கள் இம்மூன்றுக்கும் பொது. சனவரி முதல் மார்ச் வரை மழை அரிது. தேக்கும் பிற மரங்களும் இலையுதிர்த்து நிற்க, உயர்ந்து வளர்ந்த புல் வைக்கோலாகிக் கிடக்கும். மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆயினும் இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பங்கு மனிதர் கையால் நேர்வதே என்று வனத்துறையினரும் ஆய்வாளரும் கூறுகின்றனர்.

அத்தகைய காட்டின் மரங்கள் தீயோடு பழகியவை. தேக்கு, வேங்கை, நெல்லி முதலியன தடித்த பட்டை உடையவை. மேற்பகுதி கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும் ஆற்றல் உடையவை. தீ அக்காட்டுக்கு அயலான் அன்று. அடிக்கடி வந்தால் மட்டுமே பகைவன். ஆண்டுதோறும் தீ பரவினால் இளங்கன்றுகள் மரமாக உயர வாய்ப்பின்றி அழியும்.

3. சருகுத் தீயும் பெருந்தீயும்

அடக்கி ஆளப்படும் எரிப்பின் பொருள் இங்கேதான் விளங்கும். கோடையின் தொடக்கத்தில், புல்லின் அடியில் இன்னும் சிறிது ஈரம் இருக்கும்போது இடப்படும் தீ தாழ்ந்து, மெல்ல நகரும். அது சருகை மட்டும் உண்ணும். கோடை முற்றிய பின் எழும் தீ மர உச்சியைத் தொடும். முன்னதை வேண்டி இடுவதால் பின்னதைத் தவிர்க்கலாம் என்பதே இதன் அடிப்படை. தமிழ்நாட்டு வனத்துறை கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி, அவற்றில் கிடக்கும் புல்லையும் சருகையும் எரித்து வைப்பது இதன்பாற்பட்டது. பரவிவரும் தீயை எதிர்த்து, முன்புறத்தில் இடப்படும் எதிர்த்தீயும் இதே அறிவின் மற்றொரு வடிவம்.

வனத்துறை தோன்றுவதற்கு முன்பே இவ்வறிவு மலைவாழ் மக்களிடம் இருந்தது. தமிழ்நாட்டை ஒட்டியுள்ள கருநாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடைத் தொடக்கத்தில் இடும் தாழ்ந்த தீயைத் 'தரகு பெங்கி' என்பர். தரகு என்பது சருகு. பெங்கி என்பது நெருப்பு. 'காட்டுத் தீ' என்னும் பொதுச் சொல்லைக் கையாளாமல், எந்தப் பொருளை எரிக்கும் தீ என்பதை அப்பெயரிலேயே அவர்கள் சுட்டியிருப்பது கருதத்தக்கது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் வந்தது. பிலிகிரிரங்கன் மலை 1974இல் காப்பகமாயிற்று. சோளகர் தீயிடும் வழக்கம் தடைப்பட்டது. அதன் பின்னர் உண்ணிச்செடி புதர்களாகப் பெருகிக் காட்டின் அடித்தளத்தை மூடியதென்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்ததென்றும் சோளகர் கூறுகின்றனர். ஆய்வாளர் பலர் அக்கூற்றை மெய்யான அறிவாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்துள்ளனர். உண்ணிச்செடி பரவியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே தீயிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவதும் பொருந்தாது. ஆயினும், உலர்ந்த காட்டில் தீயை முற்றிலும் விலக்கினால் எரிபொருள் ஆண்டுதோறும் குவிந்துகொண்டே போகும் என்பதில் ஐயமில்லை.

எரிப்பு அடங்கி நிற்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. சருகில் உள்ள நீர் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டினால் தீ பரவுவது அரிது. மிகக் குறைந்துவிட்டால் தீயை நிறுத்துவது அரிது. இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாள்களே எரிப்புக்குரியவை. காற்று மெலிதாகவும் ஒரே திசையிலும் வீச வேண்டும். பொழுது சாயச் சாயக் காற்றின் ஈரம் கூடும். இரவுப் பனி தீயைத் தானே அவிக்கும். ஆதலால் மாலை நேரமே ஏற்றது. எல்லாவற்றினும் முதன்மையானது நிலத்தின் சரிவு. மேல்நோக்கிச் செல்லும் தீ தனக்கு முன்னுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துகிறது. சரிவு 10 பாகை கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயியலாரின் பொதுக் கணக்கு.

இக்கணக்கின் பொருளைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி நமக்கு உணர்த்தியது. 2018 மார்ச் 11ஆம் நாள், உலர்ந்த புல் மூடிய செங்குத்தான சரிவில் பரவிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மார்ச் மாதம், காய்ந்த புல், செங்குத்துச் சரிவு ஆகிய மூன்றும் அங்கே ஒன்று கூடின. அத்தகைய இடத்தில் அத்தகைய பொழுதில் எழும் தீயை எந்தக் கையாலும் அடக்க இயலாது.

4. ஒரே தேயிலை, வேறு மலை

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். நீலகிரியையும் கேமரன் மலையையும் படத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். அதே தேயிலைப் பாத்திகள், அதே மூடுபனி, அதே குளிர். வில்லியம் கேமரன் 1885இல் நில அளவைக்காக வந்த பின்னரே இம்மலை வெளியுலகுக்குத் தெரிந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியதைத் தொடர்ந்து தமிழ்த் தொழிலாளர் இங்குக் குடியேறினர். நீலகிரியில் சனவரி முதல் மார்ச் வரை மழை மிக அரிது. இரவில் உறைபனி விழுந்து புல்லைக் கருக்கும். அதனால்தான் அங்கே மலைமுதுகில் புல்வெளியும், ஈரம் தங்கும் மடிப்புகளில் சோலையும் அமைந்தன. தொதவர் அப்புல்வெளிகளைத் தீயிட்டுப் பேணிவந்தனர்.

கேமரன் மலையில் அத்தகைய காய்ந்த பருவமே இல்லை. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் சற்றே தணியும். மிகக் குறைவாகப் பெய்யும் மாதத்திலும் சராசரி மழை 100 மில்லிமீட்டரை எட்டிவிடுகிறது. உறைபனி இல்லை. ஆறு பெரும்பொழுதுகளில் முதுவேனில் என்று சுட்டத்தக்கதை இம்மலையில் தேடிக் காண இயலாது.

பொழுது மாறவே கருப்பொருளும் மாறுகிறது. இம்மலைச் சரிவுகளில் ஓக் இனத்து மரங்களும் இலவங்கக் குடும்பத்து மரங்களும் செறிந்த பசுமைமாறாக் காடு உள்ளது. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்தை நெருங்க நெருங்க மரங்கள் குள்ளமாகி, அடிமுதல் நுனிவரை பாசி போர்த்து நிற்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மேகத்திலிருந்தே நீரை வடித்துக்கொள்ளும் பாசிக்காடு அது. இம்மரங்கள் இலையை ஒரே காலத்தில் உதிர்ப்பதில்லை. உதிர்ந்த இலை உலர்வதற்கு முன்பே மக்கத் தொடங்குகிறது. இவற்றின் பட்டை பொதுவாக மெல்லியது. தீயைக் கண்டறியாத மரபு இவற்றினுடையது. முதுமலைத் தேக்குக்குச் சிறு காயமாகும் வெப்பம் இங்குள்ள மரத்தைக் கொன்றுவிடும்.

ஆகவே இக்காட்டுக்குச் சருகுத் தீ தேவையில்லை. தீயின் வேலையை இங்கே பூஞ்சையும் ஈரமும் செய்துகொண்டிருக்கின்றன. எரித்துக் குறைப்பதற்குக் குவிந்த சருகில்லை. எரித்துக் காப்பதற்குத் தீ வேண்டிய மரமில்லை.

இம்மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்கள் தீயைப் பயன்படுத்தவில்லையா என்று கேட்கலாம். பயன்படுத்தினர். சரிவில் சிறிதளவு காட்டை வெட்டி, வெட்டியதை வெயிலில் உலர்த்தி, எரித்து, மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, பின்னர் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் காட்டுக்கே விட்டுவிடும் முறை அது. அங்கே எரிந்தது வெட்டி உலர்த்திய பகுதி மட்டுமே. சுற்றி நின்ற ஈரக்காடே வேலியாக நின்று தீயை நிறுத்தியது. அந்த வேலி இருக்கும் வரையில்தான் அம்முறைக்கும் காவல்.

5. வேலி அழிந்த இடத்தில்

அவ்வேலி அழிந்தால் நேர்வது என்ன என்பதை அண்டையிலுள்ள போர்னியோ காட்டியிருக்கிறது. 1982, 1983 ஆம் ஆண்டுகளில் எல் நினோ காரணமாக நேர்ந்த வறட்சியில் கிழக்குக் கலிமந்தானில் 30 இலட்சம் எக்டேருக்கும் மேற்பட்ட நிலம் தீக்கிரையானது. மரம் வெட்டிக் கலைக்கப்பட்ட காடுகளே மிகக் கடுமையாக எரிந்தன. 1996இல் மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் எக்டேர் பரப்பை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கியது. அதற்காகச் சதுப்புக் காடுகளின் குறுக்கே கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் ஊறிக்கிடந்த கரிமண் உலர்ந்தது. மறு ஆண்டே எல் நினோ வந்தது. நிலத்துக்கு மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும் தீ உண்டாயிற்று. 1997இலும் பின்னர் 2015இலும் தீபகற்ப மலேசியாவை மூடிய புகைமூட்டத்தின் மூலம் அத்தகைய நிலங்களே. எல்லை கடந்த புகைமூட்டத்துக்கென ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் தனி உடன்படிக்கையே செய்துகொள்ள நேர்ந்தது.

போர்னியோவிலும் மழை மிகுதியே. காலநிலை அங்கே தீயை விலக்கி வைத்திருந்தது. மனிதன் காட்டைக் கலைத்துத் தீக்கேற்ற காலநிலையைத் தரைமட்டத்தில் தானே உண்டாக்கினான். பாலை என்பது தனி நிலமன்று, இயல்பு திரிந்த நிலம் என்னும் நம் இலக்கணக் கருத்தை இங்கே நினைவுகூரலாம்.

இதன் சிறிய வடிவம் நம் தாழ்நிலங்களிலும் உண்டு. காடு அழிந்து மீண்டும் மீண்டும் எரியும் இடத்தில் லாலாங் புல் படர்கிறது. அதன் கிழங்குவேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மேலே எரிந்தாலும் சில நாள்களில் தளிர்க்கும். எளிதில் காய்ந்து, எளிதில் பற்றி, மர விதைகளை முளைக்கவிடாது. ஒரு தீ அடுத்த தீக்கு வழிவகுக்கிறது. கேமரன் மலையிலும் காடு வெட்டப்பட்ட விளிம்பில் வெயிலும் காற்றும் புகுகின்றன, தரை உலர்கிறது. மழை பிந்தும் ஓர் ஆண்டில், தோட்டக் கழிவை எரிக்க வைத்த தீ அவ்விளிம்பு வழியாக உள்ளே சென்றால், அதைத் தாங்கும் பட்டை உள்ளே நிற்கும் மரத்துக்கு இல்லை. பாசிக்காட்டின் அடியிலுள்ள கரிமண்ணோ, பற்றினால் அணைப்பதற்கு அரியது. மீள்வதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

6. சொல்லை நிலத்தோடு பொருத்துதல்

மொழியியலார் என்னும் முறையில் நாம் சேர்க்க விரும்புவது ஒன்றுண்டு. தமிழில் காட்டுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கோடு மெல்லியது. கொங்கு நாட்டு உழவர் தம் புன்செய் நிலத்தைக் 'காடு' என்பர். மலேசியத் தமிழர் ரப்பர் தோட்டத்தைப் 'பால்மரக் காடு' என்றனர். இலங்கைத் தமிழர் காட்டை எரித்துச் செய்யும் பயிரைச் 'சேனை' என்பர். பழந்தமிழில் தினைப் பயிரிடும் மலைக்கொல்லை 'புனம்'. புதிதாகத் திருத்திய கொல்லை 'இதை'. பழைய கொல்லை 'முதை'. ஒரு நிலம் புதியதா, உழைத்துச் சலித்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய வாழ்க்கை நம் முன்னோருக்கு இருந்தது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

இன்றோ நாம் 'எரிப்பு' என்னும் ஒரு சொல்லால் நான்கு வேறு செயல்களைக் குறிக்கிறோம். அவற்றைப் பிரித்து வழங்குவது நலம். வெட்டி உலர்த்தி நிலம் திருத்தும் தீயைப் 'புன எரிப்பு' எனலாம். உலர்காட்டில் கோடைக்கு முன் அறிந்து இடும் தாழ்ந்த தீயைச் 'சருகெரிப்பு' எனலாம். குப்பையையும் தோட்டக் கழிவையும் வெட்டவெளியில் கொளுத்துவது 'திறந்தவெளி எரிப்பு'. கைமீறிப் பரவுவது 'காட்டுத் தீ'. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1998இல் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவின்வழித் தடுப்பது மூன்றாவதை. ஆஸ்திரேலியச் செய்தியில் நாம் படிப்பது இரண்டாவதை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, 'அவர்கள் எரிக்கிறார்களே, நாம் எரித்தால் என்ன' என்று கேட்பது சொல்லால் விளைந்த மயக்கம்.

வட ஆஸ்திரேலியாவில் ஆர்னம் நிலத்தின் பூர்வகுடிகள் கோடைத் தொடக்கத்தில் இடும் தீயும், சோளகரின் தரகு பெங்கியும் ஒரே இனத்தவை. இரண்டு நிலங்களிலும் மழைக்காலமும் வறண்ட காலமும் தனித்தனியே உண்டு. இரண்டிலும் புல் காய்கிறது. அவ்வறிவு போற்றத்தக்கது. ஆனால் அது காய்ந்த பருவத்தின் பிள்ளை. காய்ந்த பருவமில்லாத மலைக்கு அதைக் கொண்டுவந்தால், அங்கே அது அறிவாக இராது.

எனவே எரிப்பைப் பற்றிய எந்தச் செய்தியைக் கேட்டாலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோம். அந்நிலத்தில் மழையில்லாத மாதங்கள் எத்தனை? அங்குள்ள மரம் தீயைத் தாங்குமா? எரிவது சருகா, வெட்டிய காடா, குப்பையா? திரிங்காப்பில் நின்று கேட்டால் முதல் வினாவுக்கு 'ஒன்றுமில்லை' என்றும், இரண்டாவதற்கு 'தாங்காது' என்றும் விடை வரும். மூன்றாவது வினாவுக்குரிய விடை பெரும்பாலும் தோட்டக் கழிவாகவே இருக்கும். அக்கழிவை மக்கவைத்து மண்ணுக்கே திருப்பலாம். ஈரம் குன்றாத இம்மலையில், தீ செய்யும் வேலையை மண்ணே பொறுமையாகச் செய்து முடிக்கும்.